புதிய கிராபிக்ஸ் கார்டு மாட்டியும் திரையில் ஒன்றும் வரவில்லையா? கடைக்குத் திரும்பும் முன் பார்க்க வேண்டியவை

சென்னை ரிச்சி தெருவில் நான்கு கடை ஏறி இறங்கி, விலை பேசி வாங்கிய கிராபிக்ஸ் கார்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, கேபினட்டைத் திறந்து மாட்டி, பொத்தானை அழுத்துகிறீர்கள். விசிறிகள் சுழல்கின்றன, விளக்குகள் எரிகின்றன, மானிட்டரில் மட்டும் ‘நோ சிக்னல்’ என்ற இரண்டு சொற்கள் சிறிது நேரம் நின்று, பிறகு அவையும் அணைந்துவிடுகின்றன. கடைக்காரர் பழுதான பொருளைத் தலையில் கட்டிவிட்டார் என்பதுதான் அந்த நேரத்தில் எவருக்கும் முதலில் தோன்றும். ஆனால் கார்டு பழுது என்பது நாம் கடைசியாக வந்து சேர வேண்டிய முடிவு. அதற்கு முன் பார்க்க வேண்டியவற்றில் பெரும்பாலானவை காசு செலவில்லாதவை, சில கேபினட்டைத் திறக்கக்கூடத் தேவையில்லாதவை. ஆகையால் வெளியிலிருந்து உள்ளே போவதும், ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் செய்துவிட்டு இயக்கிப் பார்ப்பதும் இந்த வேலையின் ஒழுங்கு. மூன்றை ஒன்றாக மாற்றிவிட்டுத் திரை வந்தால் எது குறை என்று தெரியாமலே போகும்.

தொடங்கும் முன் உங்களுக்கு நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கணினியை இயக்கியதும் மதர்போர்டு நிறுவனத்தின் சின்னமாவது ஒரு கணம் திரையில் தோன்றி, விண்டோஸ் தொடங்கும்போது இருண்டுவிடுகிறதா, அல்லது முதல் நொடியிலிருந்தே ஒன்றும் வரவில்லையா? சின்னம் தோன்றுகிறது என்றால் கார்டு, கேபிள், மின்சாரம் ஆகிய மூன்றும் குறைந்தபட்சம் வேலை செய்கின்றன என்று பொருள். சிக்கல் டிரைவரில், அதாவது கார்டை இயக்கும் மென்பொருளில், இருக்கவே வாய்ப்பு அதிகம். நீங்கள் நேராகக் கட்டுரையின் பிற்பகுதிக்குப் போகலாம். எதுவுமே தோன்றவில்லை என்றால் வரிசையாகத் தொடருங்கள்.

கேபிள் எங்கே செருகப்பட்டிருக்கிறது?

வேளச்சேரியில் இருக்கும் என் அக்கா மகன் ஒரு நாள் மாலை தொலைபேசியில் அழைத்து, “மாமா, கார்டு மாட்டிட்டேன், டிஸ்ப்ளே வரல” என்றான். நினைவகமான ராமைக் கழற்றி மாட்டச் சொன்னேன், பேட்டரியைக் கழற்றச் சொன்னேன், எதற்கும் பயனில்லை. சிந்தாதிரிப்பேட்டையில் பறக்கும் ரயில் ஏறி அவன் வீட்டுக்குப் போய்க் கேபினட்டின் பின்பக்கத்தைப் பார்த்தபோது, மானிட்டர் கேபிள் பழைய இடத்திலேயே, அதாவது மதர்போர்டின் எச்.டி.எம்.ஐ. துளையிலேயே இருந்தது. பிழை அவனுடையதல்ல, முதலில் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்காத என்னுடையது.

கேபினட்டின் பின்புறத்தில், யூ.எஸ்.பி. துளைகளுக்கு அருகே இருக்கும் எச்.டி.எம்.ஐ., டிஸ்ப்ளே போர்ட் துளைகள் மதர்போர்டுக்கு உரியவை. அவற்றுக்குக் கீழே, பெரும்பாலும் கிடைவாட்டில் ஒரே வரிசையாக அமைந்திருப்பவைதாம் புதிய கார்டின் துளைகள். கேபிள் அங்கேதான் செருகப்பட வேண்டும். தனிக் கார்டு மாட்டப்பட்டதை உணர்ந்தவுடன் பல மதர்போர்டுகள் தம் சொந்தத் துளைகளைத் தாமாகவே அணைத்துவிடும். மேலும், பெயரின் இறுதியில் ‘எஃப்’ என்ற எழுத்து உள்ள இன்டெல் பிராசசர்களிலும், ‘ஜி’ எழுத்து இல்லாத ரைசன் 5000 வரிசை பிராசசர்களிலும் உள்ளமைந்த கிராபிக்ஸ் என்பதே கிடையாது. அப்படிப்பட்ட கணினியில் மதர்போர்டுத் துளையில் கேபிளைச் செருகி எத்தனை நேரம் காத்திருந்தாலும் படம் வராது.

புதிய கார்டின் துளைகளில் தூசி புகாமல் இருக்கச் சிறிய பிளாஸ்டிக் மூடிகள் செருகப்பட்டிருக்கும். ஒளி ஊடுருவும் மூடியாக இருந்தால் கண்ணுக்கே தெரியாது. மதர்போர்டில் கார்டு செருகும் ஸ்லாட்டுக்குள் செல்லும் தங்க நிற விளிம்பின்மீதும் ஓர் உறை இருக்கக்கூடும். இரண்டையும் அகற்றிவிட்டீர்களா என்று பாருங்கள். பிறகு மானிட்டரின் பொத்தானை அழுத்தி, எந்த உள்ளீட்டைக் காட்ட வேண்டும் என்பதை நீங்களே தேர்ந்தெடுங்கள். தானாகக் கண்டுபிடிக்கும் வசதியை நம்ப வேண்டாம்.

பழைய மானிட்டர் வைத்திருப்போர்

நம் வீடுகளில் கணினியைப் புதுப்பித்தாலும் மானிட்டரை மாற்றுவதில்லை. நீலத் தலையும் 15 ஊசிகளும் கொண்ட வி.ஜி.ஏ. கேபிள் மட்டுமே உள்ள மானிட்டர் உங்களிடம் இருந்தால், இந்தப் பகுதியைச் சற்று நிதானமாகப் படியுங்கள்.

வி.ஜி.ஏ. என்பது அனலாக் முறை. இன்றைய கார்டுகள் டிஜிட்டல் சிக்னலை மட்டுமே வெளியிடுகின்றன. என்விடியாவின் ஜி.டி.எக்ஸ். 900 வரிசை வரையில் டி.வி.ஐ. துளையில் அனலாக் ஊசிகளும் இருந்தன. 2016-இல் வந்த 10 வரிசையில் அவை எடுக்கப்பட்டுவிட்டன. எனவே மேசை இழுப்பறையில் பல ஆண்டுகளாகக் கிடக்கும், டி.வி.ஐ.-யை வி.ஜி.ஏ.-ஆக மாற்றும் சிறிய வெள்ளைத் தலை புதிய கார்டில் பயன்படாது. அது ஊசிகளின் இடத்தை மட்டுமே மாற்றும், சிக்னலின் தன்மையை மாற்றாது. உங்களுக்கு வேண்டியது, உள்ளே மின்சுற்றுள்ள எச்.டி.எம்.ஐ.-யிலிருந்து வி.ஜி.ஏ.-வுக்கான கன்வெர்ட்டர். அதில் யூ.எஸ்.பி. வழியாக மின்சாரம் கொடுக்கும் வசதி இருந்தால் அதையும் இணையுங்கள்.

திசையும் முக்கியம். கார்டின் டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து மானிட்டரின் எச்.டி.எம்.ஐ.-க்குச் செல்லும் சாதாரணக் கேபிள் பெரும்பாலான கார்டுகளில் சிக்கலின்றி வேலை செய்யும். அதே கேபிளைத் திருப்பி, கார்டின் எச்.டி.எம்.ஐ.-யிலிருந்து மானிட்டரின் டிஸ்ப்ளே போர்ட்டுக்குச் செருகினால் எதுவும் வராது. அந்தத் திசைக்குத் தனியான கன்வெர்ட்டர் வேண்டும். இரு முனைகளும் எளிதாகப் பொருந்திவிடுவதால் இந்தத் தவறு பலருக்குப் புலப்படுவதே இல்லை.

டிஸ்ப்ளே போர்ட் கேபிள்களில் இன்னொரு வகைக் கோளாறும் உண்டு. தர நிர்ணயத்தின்படி இரு முனைகளின் 20-ஆம் ஊசிகளும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்கக் கூடாது. மலிவான சில கேபிள்களில் இணைத்துவிடுகிறார்கள். அதனால் மானிட்டரிலிருந்து 3.3 வோல்ட் மின்சாரம் கார்டுக்குள் திரும்பிப் பாய்ந்து, கணினி தொடங்குவதையே குழப்பிவிடுகிறது. மானிட்டர் கேபிளைப் பிடுங்கினால் கணினி ஒழுங்காகத் தொடங்குகிறது, செருகினால் தொடங்க மறுக்கிறது என்றால் இந்தக் கேபிளைச் சந்தேகிக்கலாம். எப்படியாயினும், கேபினட்டைத் திறக்கும் முன் வேறொரு கேபிளிலும், கார்டின் வேறொரு துளையிலும், முடிந்தால் வீட்டுத் தொலைக்காட்சியிலும் ஒருமுறை இணைத்துப் பார்த்துவிடுங்கள்.

கார்டுக்கு மின்சாரம் போதுமா?

மதர்போர்டின் நீண்ட ஸ்லாட் ஒரு கார்டுக்கு அதிகபட்சமாக 75 வாட் தரும். அதற்கு மேல் தேவைப்படும் கார்டுகள், கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.-ஸிலிருந்து நேரடியாகக் கேபிள் கேட்கும். 6 பின் இணைப்பு 75 வாட்டும், 8 பின் இணைப்பு 150 வாட்டும் தரவல்லவை. ஜி.டி.எக்ஸ். 1650 போன்ற கார்டுகளின் பல மாடல்களில் தனி இணைப்பே இருக்காது. அப்படியொரு கார்டிலிருந்து பெரிய கார்டுக்கு மாறுவோர், புதியதற்குக் கேபிள் வேண்டும் என்பதையே மறந்துவிடுவதுண்டு. ஸ்லாட்டிலிருந்து வரும் மின்சாரத்திலேயே விசிறியும் விளக்கும் இயங்கக்கூடும். எனவே விசிறி சுற்றுவதைக் கொண்டு மின்சாரம் சரியாக உள்ளது என்று எண்ணிவிட வேண்டாம்.

எஸ்.எம்.பி.எஸ்.-ஸிலிருந்து இரண்டு விதமான 8 பின் கேபிள்கள் வரும். 4-ம் 4-மாகப் பிரிவது பிராசசருக்கு, 6-ம் 2-மாகப் பிரிவது கார்டுக்கு. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் இவற்றில் 12 வோல்ட் கம்பிகளும் எர்த் கம்பிகளும் ஒன்றுக்கொன்று இடம் மாறி அமைந்திருக்கும். உள்ளே போகாத கேபிளை அழுத்திச் செருகுவது கார்டுக்கு ஆபத்து. அதைவிடப் பெரிய ஆபத்து, கழற்றி மாட்டும் வகை எஸ்.எம்.பி.எஸ்.-ஸில் வேறொரு எஸ்.எம்.பி.எஸ்.-ஸின் கேபிளைப் பயன்படுத்துவது. கார்டுப் பக்க ஊசிகளுக்குத்தான் பொதுத் தரம் உண்டு. எஸ்.எம்.பி.எஸ். பக்கத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வரிசையை வைத்திருக்கிறது. நண்பரிடம் இரவல் வாங்கிய கேபிளால் ஒரு நொடியில் கார்டு கருகலாம்.

2022-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 40 வரிசையின் பெரிய கார்டுகளும் அதற்குப் பின் வந்த பலவும் 16 பின் இணைப்பைக் கொண்டவை. இதில் 12 பெரிய ஊசிகளும் 4 சிறிய ஊசிகளும் உள்ளன. ஆர்.டி.எக்ஸ். 4090-இல் முழுவதும் செருகப்படாத இணைப்புகள் சில உருகிய செய்தி பரவிய பின், திருத்திய வடிவத்தில் அந்தச் சிறு ஊசிகளின் நீளத்தைக் குறைத்தார்கள். அதன்படி, இணைப்பு முழுமையாக உள்ளே போகவில்லை என்றால் கார்டு மின்சாரத்தை ஏற்காமல் நின்றுவிடும். ஆகவே புதிய கார்டில் திரை வராமல் இருப்பதற்கு, கேபிள் ஒரு மில்லிமீட்டர் வெளியே நிற்பதே காரணமாக இருக்கலாம். விளிம்பில் இடைவெளி தெரியாத அளவுக்கு நேராக அழுத்துங்கள்.

அடுத்து எஸ்.எம்.பி.எஸ்.-ஸின் திறன். ஆர்.டி.எக்ஸ். 4060 சுமார் 115 வாட்டும், ஆர்.டி.எக்ஸ். 3060 சுமார் 170 வாட்டும் எடுப்பவை. இரண்டுக்கும் 550 வாட் எஸ்.எம்.பி.எஸ்.-ஸை என்விடியா பரிந்துரைக்கிறது. கேபினட்டோடு சேர்த்துத் தரப்படும் மலிவான எஸ்.எம்.பி.எஸ்.-ஸின் மேல் 450 என்று அச்சிடப்பட்டிருந்தாலும் அந்த எண்ணை நம்பாமல், ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18 ஆம்பியர் என்றிருந்தால் 12-ஆல் பெருக்க 216 வாட் வருகிறது. பிராசசரும் கார்டும் சேர்ந்து அதற்குள் அடங்க வேண்டும், பெரும்பாலும் அடங்காது. அதில் கார்டுக்கான கேபிள் இல்லாததால், வட்டுகளுக்கான சாட்டா இணைப்பை 6 பின்னாக மாற்றும் ஒட்டுக் கேபிளை வாங்கி மாட்டுவோர் உண்டு. சாட்டா இணைப்பு 12 வோல்ட்டில் 4.5 ஆம்பியருக்கு, அதாவது 54 வாட்டுக்கு வடிவமைக்கப்பட்டது. அதில் 75 வாட் இழுத்தால் பிளாஸ்டிக் உருகக்கூடும். இந்த ஒரு விஷயத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்றே சொல்வேன்.

யூ.பி.எஸ். வைத்திருப்போர் சோதனைக்காக ஒருமுறை கணினியை நேரடியாகச் சுவர் பிளக்கில் இணைத்துப் பாருங்கள். 600 வி.ஏ. என்று குறிக்கப்பட்ட சிறிய யூ.பி.எஸ். பொதுவாக 360 வாட் அளவுக்கே தாங்கும். மானிட்டரையும் சேர்த்து அதில் கோத்திருந்தால், புதிய கார்டு வேலை செய்யத் தொடங்கும் கணத்தில் அது அலறிக்கொண்டு நின்றுவிடக்கூடும்.

கேபினட்டைத் திறந்து

கணினியை அணைத்து, சுவர் சுவிட்சையும் அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பின் கேபினட்டின் பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே எஞ்சியிருக்கும் மின்சாரம் அதனால் வடிந்துவிடும். நம் ஊரின் ஈரக்காற்றில் நிலைமின்சாரம் குறைவு என்றாலும், ஏ.சி. அறையில் அப்படிச் சொல்ல முடியாது. கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். சென்னையில் கவனிக்க வேண்டிய எதிரி வியர்வைதான். நெற்றியிலிருந்து ஒரு துளி மதர்போர்டின்மேல் விழாமலும், ஈர விரல் கார்டின் தங்க விளிம்பில் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கார்டை மேலேயுள்ள நீண்ட ஸ்லாட்டில், அதாவது பிராசசருக்கு மிக அருகில் இருப்பதில்தான் மாட்ட வேண்டும். கீழே அதே நீளத்தில் இன்னொன்று இருந்தாலும் அது பெரும்பாலும் முழு வேகம் கொண்டதல்ல. கார்டின் இரு முனைகளையும் சமமாக அழுத்தும்போது ஸ்லாட்டின் ஓரத் தாழ் ‘டக்’ என்ற ஓசையோடு மூடிக்கொள்ள வேண்டும். ஓசை கேட்காவிட்டால், கார்டின் உலோகப் பட்டை கேபினட்டின் விளிம்பில் தட்டி நிற்கிறதா என்று பாருங்கள். பலர் ஸ்க்ரூவை முதலில் முறுக்கிவிடுவதால் கார்டு ஒரு பக்கம் தூக்கிக்கொள்கிறது. ஸ்க்ரூ கடைசியாகத்தான். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் சில ஆண்டுகள் வெறுமையாகத் திறந்து கிடந்த ஸ்லாட்டில் தூசியோடு உப்புக்காற்றின் படிவும் சேர்ந்திருக்கலாம். மென்மையான தூரிகையாலோ காற்றடிப்பானாலோ சுத்தம் செய்து, இரண்டு மூன்று முறை கார்டைச் செருகி எடுங்கள்.

கார்டைச் செங்குத்தாகக் காட்சிக்கு வைக்க, ஸ்லாட்டையும் கார்டையும் இணைக்கும் ரைசர் கேபிள் போட்டிருப்பவர்கள் முதலில் அதை நீக்கிவிட்டு நேரடியாக மாட்டிப் பாருங்கள். பி.சி.ஐ.இ. என்னும் ஸ்லாட் தரத்தின் மூன்றாம் தலைமுறை வேகத்துக்காகச் செய்த ரைசரில் நான்காம் தலைமுறைக் கார்டை மாட்டினால் படம் வராமல் போவது வழக்கமான ஒன்று. கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் மதர்போர்டு மென்பொருளான பயாஸில் அந்த ஸ்லாட்டின் வேகத்தை மூன்றாம் தலைமுறைக்குக் குறைத்தால் சரியாகிவிடும்.

பெரிய கார்டை மாட்டும்போது கை பட்டு ராம் சற்று நகர்ந்திருக்கக்கூடும் என்பதால் அதையும் ஒருமுறை கழற்றி மாட்டுங்கள். புதிய மதர்போர்டும் டி.டி.ஆர். 5 ராமும் சேர்ந்த கணினி என்றால், முதல் தடவை நினைவகத்தைச் சீர்செய்துகொள்ளச் சில நிமிடங்கள் ஆகும். அதுவரை திரை இருண்டே இருக்கும். பொறுக்காமல் அணைத்து அணைத்து இயக்கினால் ஒவ்வொரு முறையும் அது தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்கும்.

மதர்போர்டு என்ன சொல்கிறது?

பல மதர்போர்டுகளின் ஓரத்தில் நான்கு சிறு விளக்குகள் இருக்கும். அவற்றுக்கருகே சி.பி.யு. (பிராசசர்), டிராம் (ராம்), வி.ஜி.ஏ. (இங்கே கிராபிக்ஸ்), பூட் (விண்டோஸ் தொடக்கம்) என்று எழுதியிருக்கும். இயக்கியதும் அவை ஒவ்வொன்றாக எரிந்து அணையும், எந்தக் கட்டத்தில் கணினி நின்றதோ அந்த விளக்கு அணையாமல் நிற்கும். டிராம் விளக்கு நின்றால் நீங்கள் கார்டோடு போராடுவது வீண். வி.ஜி.ஏ. விளக்கு நின்றால் மட்டுமே கார்டையோ அதன் மின்சாரத்தையோ குறை சொல்ல முடியும். விளக்குகள் இல்லாத பழைய போர்டுகளில் சிறு ஸ்பீக்கர் அந்தப் பணியைச் செய்யும். ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலிகளும் கிராபிக்ஸ் குறையைச் சுட்டுவது பழைய வழக்கம்.

பயாஸ் அமைப்புகள்

மின்சாரத்தைத் துண்டித்து, மதர்போர்டில் நாணயம் போல் இருக்கும் சி.ஆர். 2032 பேட்டரியைச் சில நிமிடங்கள் கழற்றி மாட்டினால் பயாஸ் தன் தொடக்க நிலைக்குத் திரும்பும். பழைய கார்டுக்காக எப்போதோ செய்த மாற்றங்களும் அதனால் நீங்கும். விண்டோஸில் பிட்லாக்கர் பூட்டு போட்டிருப்பவர்கள் இதற்கு முன் அதன் மீட்புக் குறியீட்டை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் திரை வந்த பிறகு கணினிக்குள் நுழைய முடியாமல் தவிக்க நேரிடும்.

புதிய கார்டுகள் கணினியைத் தொடங்கும் யூ.இ.எஃப்.ஐ. என்னும் புதிய முறையை எதிர்பார்க்கின்றன. அது இல்லாத பழைய மதர்போர்டில் நல்ல கார்டும் ஊமையாக நிற்கும். முறை இருந்தும் பயாஸில் சி.எஸ்.எம். என்ற பழைய முறைக்கான வசதி இயக்கப்பட்டிருந்தால், அதை அணைத்துப் பார்க்கலாம். அணைப்பதற்கு முன், உங்கள் விண்டோஸ் எம்.பி.ஆர். என்னும் பழைய வகைப் பகிர்வுள்ள வட்டில் இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள், இருந்தால் அது தொடங்காது. இவற்றைச் செய்ய ஒரு திரை தேவை என்பதால், உள்ளமைந்த கிராபிக்ஸ் உள்ளவர்கள் கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டுத் துளை வழியாகவும், மற்றவர்கள் பழைய கார்டை மாட்டியும் பயாஸுக்குள் செல்ல வேண்டும். அங்கேயே முதன்மைத் திரை என்ற அமைப்பைத் தனிக் கார்டுக்கு மாற்றிவிடுங்கள்.

மதர்போர்டு நிறுவனத்தின் தளத்தில் புதிய பயாஸ் இருந்தால் அதை ஏற்றுவது நல்லது. ஏற்றும் நடுவே மின்சாரம் போனால் போர்டே பயனற்றுப் போகலாம். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் யூ.பி.எஸ். இல்லாமல் இதில் இறங்காதீர்கள். கார்டுக்கும் இத்தகைய மென்பொருள் உண்டு: டிஸ்ப்ளே போர்ட் 1.3, 1.4 மானிட்டர்களில் விண்டோஸ் வரும்வரை திரை இருண்டிருந்த குறைக்கு, 2018-இல் என்விடியா தன் அப்போதைய கார்டுகளுக்கு ஒரு புதுப்பிப்பை வெளியிட்டது. பயன்படுத்திய கார்டு வாங்கியவர்களுக்கு அது இன்றும் உதவும்.

சின்னம் வந்து, பிறகு இருண்டால்

விண்டோஸ் தொடங்கும்போது திரை போகிறது என்றால், முதலில் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் ஆகிய மூன்றோடு ஆங்கில வரிசையின் இரண்டாம் எழுத்தான பி-யையும் ஒருசேர அழுத்துங்கள். அது கிராபிக்ஸ் டிரைவரை மறுபடி தொடங்கச் செய்யும். பயனில்லை என்றால், அத்தியாவசியமானவற்றோடு மட்டும் விண்டோஸ் தொடங்கும் சேஃப் மோடில் நுழைந்து, பழைய கார்டின் டிரைவரை டி.டி.யு. என்ற இலவசக் கருவியால் முழுமையாக நீக்கிவிட்டு, புதிய கார்டுக்கு உரிய டிரைவரை ஏற்றுங்கள். ஏ.எம்.டி.-யிலிருந்து என்விடியாவுக்கோ, அங்கிருந்து இங்கோ மாறியவர்களுக்கு இது பெரும்பாலும் தேவைப்படும். நீக்கும்போது இணையத்தைத் துண்டித்து வையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் முடிப்பதற்குள் விண்டோஸ் தானாக ஏதோ ஒரு டிரைவரைக் கொண்டுவந்து போட்டுவிடும்.

இன்னமும் வரவில்லை என்றால்

உங்கள் கார்டை நண்பரின் கணினியிலும், வேலை செய்யும் வேறொரு கார்டை உங்கள் கணினியிலும் மாட்டிப் பாருங்கள். கார்டு அங்கும் ஓடவில்லை, வேறு கார்டு இங்கு ஓடுகிறது என்றால் குறை கார்டில்தான். கார்டு அங்கே ஓடுகிறது என்றால் உங்கள் எஸ்.எம்.பி.எஸ்.-ஸையும் ஸ்லாட்டையும்தான் மேலும் பார்க்க வேண்டும். அப்படி இரவல் வாங்க ஆள் இல்லாதவர்கள், கேபினட்டையே ஆட்டோவில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோவது நல்லது. கார்டை மட்டும் எடுத்துச் சென்றால், அவர்கள் மேசையில் அது ஒழுங்காக ஓடி, நீங்கள் வெறுங்கையோடு திரும்ப நேரிடும்.

மாற்றித் தரக் கேட்கும்போது சீரியல் எண் குறிக்கப்பட்ட ஜி.எஸ்.டி. பில், பெட்டி, உள்ளே வந்த கேபிள்கள், கார்டில் ஒட்டியுள்ள ஸ்டிக்கர் ஆகியவை எல்லாம் சிதையாமல் இருக்க வேண்டும். ஸ்க்ரூவின்மேல் ஒட்டியுள்ள சிறு ஸ்டிக்கரைக் கிழித்து உள்ளே பார்க்கும் ஆவலை அடக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் செய்த சோதனைகளையும், வி.ஜி.ஏ. விளக்கு எரியும் காட்சியையும் கைப்பேசியில் பதிந்து வைத்திருந்தால் வாதம் சுருங்கும். கடையும் நிறுவனத்தின் சேவை மையமும் தட்டிக்கழித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதியலாம். கார்டைத் திருப்பி அனுப்பும்போது நிலைமின்சாரம் தடுக்கும் அதே பளபளப்பான பையில் இட்டு, முதலில் கழற்றிய பிளாஸ்டிக் மூடிகளையும் மறுபடி செருகி அனுப்புங்கள்.